கழிவு

முப்பிடாதி சுற்றிய பீடியை
மூன்று வருஷமாக நான் பிரித்துப் பார்த்ததில்லை.
கையில் தூக்கினாலே போதும்.
ஆயிரத்துக்கு நாற்பது கட்டு,
எல்லாத் தலைமடிப்பும் ஒன்றுபோல இருக்கும்.
வழக்கத்துக்காக ஒரு கட்டு கழித்துவிட்டு
பாஸ் புத்தகத்தில் என் சுருக்கெழுத்தைப் போடுவேன்.

அவள் மனு கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
எட்டு வருஷம் பி.எப். பிடித்திருக்கிறார்கள்,
கட்டியது மூன்று வருஷத்துக்குத்தான் என்று
கொக்கிரகுளத்தில் பஸ் இறங்கி, தனியாகப் போய்.

புதன்கிழமை ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டார்.
சத்தம் போடவில்லை. டீ சொன்னார்.
‘சுயம்பு, முப்பிடாதி பீடி
இப்பம் முன்ன மாதிரி இல்ல போலயே வே?’
டீயைக் குடித்து முடித்தேன்.
‘ஆமா அண்ணாச்சி.’

வியாழக்கிழமை எட்டு கட்டு.
அடுத்த வாரம் பன்னிரண்டு.
இலை நிறுக்கிறவனுக்கும் டீ போயிருக்கும்,
அடிமூட்டையிலிருந்தே அவளுக்கு அள்ளினான்.
பூஞ்சணம் பிடித்த, நனைத்தால் நார்நாராய்க் கிழிகிற இலை.
குறைந்ததற்கு அவள் வெளியே காசு கொடுத்து வாங்கினாள்.

போ என்று யாரும் சொல்லவில்லை.
பெயரை அடிக்கவில்லை.
கூலி அதே கூலி.
வரிசையில் மட்டும்
அவளுக்கு முன்னால் ஓராள் இடமும்
பின்னால் ஓராள் இடமும் காலியாகவே இருந்தது.

ஒருநாள் கேட்டாள்:
‘எது கோணல்னு காட்டுங்க அண்ணாச்சி, திருத்திக்கிடுதேன்.’
நான் அவள் முகத்தைப் பார்க்காமல்
‘அடுத்த ஆளு’ என்றேன்.

விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள்.
மின்விசிறி சுற்றாத அறை.
அதிகாரி வாசித்தார்:
தகராறு நிலுவையில் இருக்கும்போது
வேலை நிபந்தனைகளைத்
தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றலாகாது.
‘என்ன மாற்றினோம்?’ என்றார் கம்பெனி வக்கீல்.
மடிப்புக் கலையாத சட்டை.
‘ஒரு கடிதம் காட்டுங்கள், ஓர் உத்தரவு காட்டுங்கள்.’

முப்பிடாதி மஞ்சள் பையைக் கவிழ்த்தாள்.
பதினோரு வாரத்து இலை.
நாள்வாரியாகப் பிரித்து
பீடி நூலாலேயே கட்டி
ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டுத்தாள்.
மேஜை முழுக்க மக்கல் வாசம்.
அதிகாரி தும்மினார்.
பக்கத்தில் பாஸ் புத்தகம்:
ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று,
எட்டு, எட்டு, பன்னிரண்டு, பதிமூன்று.
எல்லாம் என் கையெழுத்து.

அவள் வக்கீல் ஜெபக்கனி
என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.
‘கழித்த பீடியெல்லாம் என்ன ஆச்சு?’

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
கொல்லையில் கொட்டியதாகச் சொல்லலாம்.
எனக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது.
மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள்,
இரண்டாம் தவணை பாக்கி.
தயங்குவதைப் பார்த்து அதிகாரி சொன்னார்:
‘சாட்சி சொன்னதுக்காக உங்களைப் பழிவாங்கினா
அதையும் சட்டம் தடுக்குது. உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கு.’

இருக்கும்.
அவளுக்கும் இருந்தது.
பதினோரு வாரமும் இருந்தது,
பக்கத்தில் நானும் இருந்தேன்.

‘லேபிள் ஒட்டி வித்தோம்’ என்றேன்.
‘நல்ல பீடிம்மா. ஒண்ணுகூடக் கோணல் இல்ல.’
எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்,
பழக்கத்தில் சுருக்கெழுத்தாக.
முழுப்பெயரும் போடச் சொன்னார்கள்.

தீர்ப்பு வர நாளாகுமாம்.
திரும்பும்போது ஒரே பஸ்.
அவள் முன்னால், ஜன்னலோரம்.
பேட்டை தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை,
பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

முக்கூடலில் இறங்கி
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
நாளைக்குக் கடைக்குப் போகவேண்டும்.
முதல் பக்கத்தில்
தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.